வைல்டு கார்டு தொடர்: மூன்று நாள் பேஸ்பாலைப் பிட்சர் கணக்கோடு பார்க்க ஒரு வழிகாட்டி

மார்ச் கடைசியில் தொடங்கும் அமெரிக்க பேஸ்பால் சீசன் செப்டம்பர் கடைசிவரை ஓடும். ஓர் அணிக்கு 162 ஆட்டம். அத்தனையும் ஆடி முடித்த எட்டு அணிகளில் நான்கை மூன்றே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடும் சுற்றுதான் வைல்டு கார்டு தொடர். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பேட்டர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழாவது இன்னிங்ஸில் ஆட்டம் திடீரென்று கைமாறும்போது காரணம் புரியாமல் விழிப்பார்கள். இந்தச் சுற்றின் குடுமி பந்து எறியும் பிட்சர்கள் கையில் இருக்கிறது. யார் கடைசியாக என்றைக்கு எறிந்தார், எத்தனை பந்து எறிந்தார், இன்றைக்கு இன்னும் எத்தனை பந்துக்கு அவர் தோள் தாங்கும் என்ற கணக்குதான் பாதி ஆட்டம். அதை முன்கூட்டியே ஒரு தாளில் போட்டு வைத்துக்கொண்டால் மூன்று நாளும் வேறு மாதிரித் தெரியும்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு இவ்வளவு போதும்: ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் மும்மூன்று அவுட் ஆகும்வரை பேட் செய்யும், மூன்று ஸ்ட்ரைக் (பேட்டர் வீசித் தவறவிட்ட, அல்லது அடிக்கும் எல்லைக்குள் வந்தும் விட்டுவிட்ட பந்து) விழுந்தால் பேட்டர் அவுட், நான்கு 'பால்' (எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) வந்தால் அவருக்கு முதல் பேஸ் இலவசம், இதற்குப் பெயர் வாக். விருந்தாளி அணி முதலில் பேட் செய்யும், சொந்த மைதானத்து அணி பின்னால் செய்யும். மிச்சம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

யார் யாரோடு, எந்த ஊரில்

எம்எல்பி, அதாவது மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஒவ்வொரு லீக்கிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று ஐந்தைந்து அணிகளாக மூன்று பிரிவுகள். 2022 முதல் நடப்பில் உள்ள முறைப்படி ஒரு லீக்குக்கு ஆறு அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன. பிரிவில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளும் தங்களுக்குள் வெற்றிக் கணக்கின்படி 1, 2, 3 என்று வரிசை எண் பெறும். இதைத்தான் அங்கே சீடு என்பார்கள். மீதி 12 அணிகளில் அதிக வெற்றி பெற்ற மூன்றும் 4, 5, 6. இவைதான் வைல்டு கார்டு அணிகள்.

முதல் இரண்டு சீடுகளும் இந்தச் சுற்றில் ஆடுவதில்லை. நேரே அடுத்த சுற்றான டிவிஷன் சீரிஸுக்குப் போய்விடும். 3-ஆம் சீடு 6-ஆம் சீடோடும், 4-ஆம் சீடு 5-ஆம் சீடோடும் மோதும். மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவர் அடுத்த சுற்றுக்கு. மூன்றுமே மேல் சீடு அணியின் மைதானத்தில், அடுத்தடுத்த மூன்று நாளில், நடுவே ஓய்வு நாள் இல்லாமல்.

ஐபிஎல் பிளேஆஃப் பழகியவர்கள் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். அங்கே முதல் இரண்டு அணிகளுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. இங்கே அவர்களுக்குக் கிடைப்பது ஓய்வும் பிட்சர்களை வரிசைப்படுத்திக்கொள்ளும் நேரமும்தான். இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, வெற்றிக் கணக்கும் சீடு எண்ணும் எப்போதும் ஒத்துப்போகாது. பிரிவை வென்ற அணி எத்தனை குறைவாக வென்றிருந்தாலும் வைல்டு கார்டு அணிக்கு மேலேதான் நிற்கும். 2025-இல் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் 88 வெற்றியோடு 3-ஆம் சீடாகித் தன் மைதானத்தில் தொடரை நடத்தியது. 89 வெற்றி பெற்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-ஆம் சீடு, மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க் போனது. 2022-இல் நியூயார்க் மெட்ஸ் 101 ஆட்டம் வென்றும் 4-ஆம் சீடு. 93 வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3-ஆம் சீடு. அநியாயம்போலத் தெரியலாம். பிரிவை வெல்வதற்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்த விதி இது.

பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவைத் தேடிப் பார்க்கிறவர்கள் ஆண்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். 2012 முதல் 2019 வரையிலும் 2021-இலும் இந்தச் சுற்று லீக்குக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். 2020-இல் கொரோனாவால் சீசன் 60 ஆட்டமாகச் சுருங்கியபோது 16 அணிகளை உள்ளே விட்டு, எட்டு மூன்று-ஆட்டத் தொடர்கள் நடந்தன. அந்த ஆட்டங்களை வைத்து இன்றைய தொடரின் உத்தியைக் கற்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஒற்றை ஆட்டத்தில் கையிலுள்ள எல்லாப் பிட்சரையும் ஒரே இரவில் இறக்கிவிடலாம். நாளைக்கு யார் என்ற கவலையே கிடையாது.

முதல் படி: கடைசி வாரத்தில் பட்டியலைப் படித்தல்

செப்டம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து எம்எல்பி செயலியில் 'வைல்டு கார்டு' என்ற தனிப் பட்டியலைத் திறந்து வையுங்கள். மேலே மூன்று பிரிவுத் தலைவர்கள், கீழே மற்ற அணிகள், அந்த மற்ற அணிகளில் மூன்றாவதுக்கு அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உள்ள அணி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அரை எண்களில் காட்டியிருப்பார்கள். அந்த எண் வருவது இப்படி: வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 85 வெற்றி, 70 தோல்வி (85-70) அணிக்கும் 83-71 அணிக்கும் நடுவே ஒன்றரை ஆட்டம்.

மேலே இருக்கும் அணி இடத்தை உறுதி செய்ய இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு 'மேஜிக் நம்பர்' உண்டு. 163-இலிருந்து மேல் அணியின் வெற்றியையும் கீழ் அணியின் தோல்வியையும் கழியுங்கள். மேலே சொன்ன இரண்டு அணிகளுக்கு 163 − 85 − 71 = 7. மேல் அணி வென்றாலும் ஒன்று குறையும், கீழ் அணி தோற்றாலும் ஒன்று குறையும். சம நிலையில் முடிந்தால் மேல் அணிக்கே இடம் என்ற நிலை இருந்தால் 163-க்குப் பதில் 162-இலிருந்து கழிக்க வேண்டும். இணையத்தில் இரண்டு பேர் இரண்டு மேஜிக் நம்பர் சொல்லிச் சண்டை போட்டால் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் வித்தியாசம்.

சம நிலை வந்தால்? 2021 வரை 163-ஆவதாக ஓர் ஆட்டம் வைத்துத் தீர்த்தார்கள். 2022 முதல் அது இல்லை, எல்லாம் காகிதத்திலேயே தீர்ந்துவிடும். முதலில் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் அதிகம் வென்றார் என்று பார்ப்பார்கள். அதுவும் சமமென்றால் சொந்தப் பிரிவு அணிகளுக்கு எதிரான கணக்கு, பிறகு அதே லீக்கின் மற்றப் பிரிவுகளுக்கு எதிரான கணக்கு. 2025-இல் இந்த விதி இரண்டு இடத்தில் வெட்டியது. டொரண்டோ புளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94-68 என்று சமமாக முடித்தன. நேருக்கு நேர் 8-5 என்று டொரண்டோ முந்தியிருந்ததால் அது பிரிவை வென்று ஓய்வெடுத்தது. யாங்கீஸ் வைல்டு கார்டு தொடருக்கு இறங்கியது. நேஷனல் லீக்கில் சின்சினாட்டி ரெட்ஸும் மெட்ஸும் 83-79. நேரடிக் கணக்கு ரெட்ஸ் பக்கம். மெட்ஸ் வீட்டுக்குப் போனது. ஆகவே ஜூலையில் ஏதோ ஒரு சாதாரண ஆட்டம்தானே என்று விடுவதற்கில்லை.

இரண்டாம் படி: நேரம்

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம் வரும். சிங்கப்பூர், மலேசியா என்றால் பன்னிரண்டு மணி. அமெரிக்கக் கடிகாரம் நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் மாறும் என்பதால் அக்டோபர் முழுக்க இதே கணக்கு.

முதல் நாள் நான்கு ஆட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி வைப்பார்கள். 2025-இல் கிழக்கு நேரப்படி மதியம் 1:08, 3:08, மாலை 6:08, இரவு 9:08. சென்னையில் அது இரவு 10:38, நள்ளிரவு தாண்டி 12:38, விடிகாலை 3:38, காலை 6:38. வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும்தான் தோது. மேற்குக் கரை அணி இருந்தால் அதன் ஆட்டம் பெரும்பாலும் கடைசியில்தான் விழும்.

தேதியில் ஏமாறாதீர்கள்: அவர்களுடைய செவ்வாய் மாலை நமக்குப் புதன் விடிகாலை. மூன்றாம் நாள் அட்டவணையையும் முன்கூட்டியே நம்ப வேண்டாம். சில தொடர்கள் இரண்டு ஆட்டத்தில் முடிந்துவிட்டால் மிச்சமுள்ளவற்றின் நேரத்தை மாற்றி வைப்பார்கள். இரண்டாம் நாள் ஆட்டங்கள் முடிந்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நேரலை கிடைக்காதவர்களுக்கு எம்எல்பி செயலியின் 'கேம்டே' பக்கம் போதும். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, என்ன வேகம், பிட்சர் இதுவரை எத்தனை பந்து எறிந்தார் என்று எல்லாம் வரும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு, நேரலை இருந்தாலும் பக்கத்தில் இதையும் திறந்து வைப்பது நல்லது.

மூன்றாம் படி: தாளில் பிட்சர் கணக்கு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஓர் அணிக்கு ஒரு தாள். மேலே ஸ்டார்ட்டர்கள், கீழே புல்பென்.

ஸ்டார்ட்டர் என்பவர் ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் எறிகிறவர். சுமார் 90 முதல் 100 பந்து. பிறகு குறைந்தது நான்கு நாள் முழு ஓய்வு. சீசன் ஞாயிற்றுக்கிழமை முடியும். தொடர் செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள் ஓய்வு விதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். போன வியாழன் எறிந்தவர் செவ்வாய் முதல் ஆட்டத்துக்குத் தயார். வெள்ளி எறிந்தவர் புதன். சனி எறிந்தவர் வியாழன். ஞாயிறு எறிந்தவருக்கு இந்தத் தொடரே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் எறிந்து காத்திருப்பவரை எந்த நாளும் இறக்கலாம்.

இந்த நான்கு வரி தெரிந்தால் கடைசி வாரத்தில் மேனேஜர்கள், அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளர்கள், செய்வது புரியும். இடம் உறுதியான அணி தன் சிறந்த பிட்சரை வார நடுவிலேயே எறியவிட்டோ ஓய்வு கொடுத்தோ செவ்வாய்க்கு ஒதுக்கி வைக்கும். கடைசி நாள்வரை போராடும் அணிக்கு அந்த வசதி இல்லை. உள்ளே வருவதற்கே அவரைச் செலவழித்திருக்கும். இதற்கு 2024-ஐவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. மழையால் தள்ளிப்போன இரண்டு ஆட்டங்களை அட்லாண்டா பிரேவ்ஸும் மெட்ஸும் செப்டம்பர் 30, திங்கள் அன்று ஒரே நாளில் ஆட வேண்டியதாயிற்று. ஆளுக்கொன்று வென்று இரண்டுமே உள்ளே வந்தன. மறுநாளே வைல்டு கார்டு தொடர். அட்லாண்டாவின் முதன்மைப் பிட்சர் கிறிஸ் சேல் முதுகுப் பிடிப்பால் இல்லை. சான் டியேகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தைத் தொடங்க வந்தவர் அனுபவம் குறைந்த ஏஜே ஸ்மித்-ஷாவர். எதிரே முழு ஓய்வோடு மைக்கேல் கிங் வந்து 12 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். 4-0. தொடர் இரண்டே ஆட்டத்தில் முடிந்தது.

இப்போது புல்பென். ஸ்டார்ட்டருக்குப் பிறகு வரும் ரிலீவர்களில் முக்கியமான நான்கைந்து பேரின் பெயரை எழுதி, கடைசி மூன்று நாளில் எறிந்த பந்து எண்ணிக்கையை எதிரே போடுங்கள். ஆட்ட முடிவின் புள்ளிவிவர அட்டையில் பிட்சர் பெயருக்கு நேரே 92-61 போல இரண்டு எண் இருக்கும்: முதலாவது மொத்தப் பந்து, இரண்டாவது அதில் ஸ்ட்ரைக். நேற்று 30 பந்தைத் தாண்டியவர் இன்றைக்குச் சந்தேகம். நேற்றும் முந்தாநாளும் எறிந்தவர் இன்றைக்கு இன்னும் சந்தேகம். பிளேஆஃபில் மேனேஜர்கள் இந்த வரம்பைக் கொஞ்சம் மீறுவார்கள், ஆனால் மீறும்போது பந்தின் வேகம் மைல் கணக்கில் குறைவது கேம்டேயில் தெரிந்துவிடும். குளோசர், அதாவது முன்னிலையைக் காத்துக் கடைசி இன்னிங்ஸை முடித்துவைப்பவர், முதல் இரண்டு ஆட்டத்திலும் எறிந்துவிட்டால் மூன்றாவதில் அவர் வந்தாலும் பழைய ஆளாக இருப்பாரா என்பதே கேள்வி.

அந்த அட்டையைப் படிக்கும்போது ஒரு சின்னப் பொறி: ஒரு பிட்சர் 5.2 இன்னிங்ஸ் எறிந்தார் என்றால் தசமக் கணக்கு அல்ல. ஐந்து முழு இன்னிங்ஸும் ஆறாவதில் இரண்டு அவுட்டும். 5.3 என்று ஒன்று கிடையாது. நம் ஊர் ஓவர் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு நேரான இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தடுமாறினால், அந்த அணியும் தடுமாறுகிறது என்று பொருள். 2025-இல் ரெட் சாக்ஸின் லூகஸ் ஜியோலிட்டோ முழங்கைக் காயத்தால் விலக, யாங்கீஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அந்தச் செப்டம்பரில்தான் பெரிய லீக்குக்கு வந்த கான்னலி எர்லி. யாங்கீஸ் பக்கமும் அதே ஆண்டு அறிமுகமான கேம் ஷ்லிட்லர்தான். அவர் எட்டு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்-அவுட், ஒரு வாக் கூட இல்லை, 4-0. தாளில் உள்ள கணக்கு வாய்ப்பைத்தான் சொல்லும், முடிவைச் சொல்லாது.

நான்காம் படி: 26 பேர் பட்டியல்

முதல் ஆட்டத்தன்று காலையில் ஒவ்வோர் அணியும் 26 பேர் பட்டியலை வெளியிடும். அடுத்த சுற்றுக்கு வேறு பட்டியல் போடலாம், இந்தத் தொடருக்கு நடுவே முடியாது. காயம் மட்டுமே விலக்கு. அப்படி நீக்கப்பட்டவர் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. அதனால் லேசான காயம் என்றால் அணிகள் ஆளைத் தூக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருக்கும்.

பட்டியலில் முதலில் பிட்சர்களை எண்ணுங்கள். மூன்று ஆட்டத்துக்கு ஐந்து ஸ்டார்ட்டர் தேவையில்லை. நான்காமவரும் ஐந்தாமவரும் வெளியே இருப்பார்கள், அல்லது புல்பென்னுக்கு மாறியிருப்பார்கள். மிச்சமாகும் இடத்தில் வேகமாக ஓடத் தெரிந்த ஒருவரோ, இடக்கை பேட்டர் ஒருவரோ வந்திருப்பார். தெரியாத பெயராக இருந்தாலும் குறித்து வையுங்கள். எட்டாவது இன்னிங்ஸில் இவர்தான் வருவார்.

ஐந்தாம் படி: ஆட்டம் நடக்கும்போது

முதல் மூன்று இன்னிங்ஸில் ஸ்கோரைவிடப் பந்து எண்ணிக்கையைப் பாருங்கள். இன்னிங்ஸுக்கு 15 பந்து என்றால் ஸ்டார்ட்டர் ஆறாவது இன்னிங்ஸைத் தாண்டுவார். 25 என்றால் நான்காவதிலேயே புல்பென் கதவு திறக்கும். எதிரணியின் ஒன்பது பேட்டர்களும் அவரை மூன்றாவது முறை சந்திக்கும் கட்டம் இன்னொரு குறி. அதற்குள் அவருடைய பந்துகளை அவர்கள் பழகிவிடுவார்கள் என்பதால் மேனேஜர்கள் அங்கே கையைப் பிசைவார்கள்.

சீசனில் இந்த முடிவு தவறினால் நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே நாளை என்பது இல்லாமலே போகலாம் என்ற பயத்தில் முன்கூட்டியே மாற்றுவார்கள். 2023-இல் டொரண்டோவின் ஹோசே பெரியோஸ் மினசோட்டாவுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்திருந்தார். நான்காவதில் முதல் பேட்டருக்கு வாக் கொடுத்ததும், 47 பந்திலேயே வெளியே எடுத்தார்கள். இடக்கை யூசேய் கிகுச்சி வந்தார், அதே இன்னிங்ஸில் இரண்டு ரன் போயிற்று. ஆட்டம் 2-0, தொடரும் போயிற்று. ரிலீவர் சரியில்லை என்பதைவிட, நன்றாக எறிந்துகொண்டிருந்தவரைத் திட்டத்துக்காக எடுத்ததுதான் அங்கே குறை. திட்டம் போட்டுக்கொண்டு வருவது தப்பில்லை. கண் முன்னால் நடப்பதைப் பார்க்காமல் அதையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் தப்பு.

அடுத்து, கை. வலக்கை பேட்டருக்கு இடக்கை பிட்சரும், இடக்கை பேட்டருக்கு வலக்கை பிட்சரும் எறிந்தால் பொதுவாகப் பேட்டருக்குச் சாதகம். இதற்காகவே பெஞ்சில் ஆட்களை வைத்திருப்பார்கள். 2025 யாங்கீஸ்–ரெட் சாக்ஸ் முதல் ஆட்டத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். யாங்கீஸின் இடக்கை மேக்ஸ் ஃபிரீட் எறிந்த வரைக்கும் இடக்கை பேட்டர் மசடாகா யோஷிடா பெஞ்சில். ஃபிரீட் 102 பந்தோடு ஏழாவது இன்னிங்ஸில் 1-0 முன்னிலையில் வெளியேற, வலக்கை லூக் வீவர் வந்தார். ஒரு வாக், ஒரு டபுள் (பேட்டரை இரண்டாவது பேஸ்வரை கொண்டுபோகும் அடி). யோஷிடாவை மாற்று பேட்டராக இறக்கினார்கள்; அவர் அடித்த முதல் பந்தே இரண்டு ரன். மறுமுனையில் ரெட் சாக்ஸின் கேரட் குரோஷே 117 பந்து எறிந்து எட்டாவது இன்னிங்ஸ்வரை இழுத்தார். 3-1. பிட்சர் மாறியதும் பேட் செய்யும் அணியின் பெஞ்சிலிருந்து யார் ஹெல்மெட் மாட்டுகிறார் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வித்தை கைவந்தது.

இந்த மாற்று விளையாட்டுக்கு 2020-இல் ஒரு கடிவாளம் போட்டார்கள்: உள்ளே வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டருக்கு எறிய வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக ஆளைக் கொண்டுவந்து உடனே திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே இரண்டு அவுட் விழுந்த பிறகு மாற்றுவது மேனேஜருக்குப் பாதுகாப்பு. ஒருவரை அவுட் ஆக்கினால் இன்னிங்ஸ் முடிந்து கடமையும் முடிந்துவிடும்.

பிளேஆஃபில் மாறும் விதிகள் சில உண்டு. சீசனில் பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரை இலவசமாக நிறுத்துவார்கள். பிளேஆஃபில் அது கிடையாது. 2022-இல் கார்டியன்ஸ்–டாம்பா பே ரேஸ் ஆட்டம் 14 இன்னிங்ஸ் ரன்னே இல்லாமல் போய், 15-ஆவதில் ஆஸ்கர் கொன்சாலஸ் அடித்த ஹோம் ரன்னில் 1-0 என்று முடிந்தது. அலாரம் வைத்து எழுந்தவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மழை வந்தால் சீசனில் ஐந்து இன்னிங்ஸோடு முடிவு அறிவித்துவிடலாம். இங்கே நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து முழுதாக ஆடியே தீர வேண்டும். நடுவர்கள் நால்வருக்குப் பதில் ஆறு பேர், கூடுதல் இருவர் அவுட்ஃபீல்டு கோட்டோரம். வீடியோ மறுபரிசீலனை கேட்க மேனேஜருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வாய்ப்பு. பால்-ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்ப்பது வேறு கணக்கு: 2026 முதல் அணிக்கு இரண்டு, பேட்டரோ பிட்சரோ கேட்சரோ உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும், கேட்டது சரியென்றால் வாய்ப்பு குறையாது. அடுத்த பந்தை எறிய பிட்சருக்கு உள்ள நேரத்தை எண்ணும் பிட்சர் கடிகாரம் மட்டும் மாறாமல் ஓடும்: பேஸ் காலியென்றால் 15 விநாடி, ரன்னர் இருந்தால் 18.

மைதானத்துக்கே போவதானால்

மூன்று ஆட்டமும் ஒரே ஊரில் என்பதால் அறை பதிவு சுலபம், டிக்கெட்தான் சிக்கல். எந்த ஊர் என்பதே சில நேரம் கடைசி ஞாயிறன்றுதான் தெரியும். மூன்றாம் ஆட்ட டிக்கெட் 'தேவைப்பட்டால்' என்ற வகை. ஆட்டம் நடக்காவிட்டால் பணம் திரும்பும், ஆனால் விமானக் கட்டணமும் அறை வாடகையும் திரும்பாது. 2022 முதல் 2025 வரை நடந்த 16 தொடர்களில் ஐந்துதான் மூன்றாம் ஆட்டத்துக்குப் போயின. ஆகவே முதல் ஆட்டத்துக்கோ இரண்டாவதுக்கோ வாங்குவதுதான் புத்திசாலித்தனம். டிக்கெட் பெரும்பாலும் கைப்பேசியில் எம்எல்பி பால்பார்க் செயலி வழியாகத்தான், சார்ஜ் இருக்கட்டும். பை அளவு விதி மைதானத்துக்கு மைதானம் வேறு, முதல்நாளே படித்துவிடுங்கள். டொரண்டோ, மில்வாக்கி போன்ற இடங்களில் மூடும் கூரை உண்டு. கிளீவ்லாந்து, டெட்ராய்ட் என்றால் சூரியன் மறைந்ததும் குளிர் ஏறும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"முதல் ஆட்டம் தோற்றால் என்ன, இன்னும் இரண்டு இருக்கிறதே" என்பது முதல் சறுக்கல். அந்த 16 தொடர்களில் 15-ஐ முதல் ஆட்டம் வென்ற அணியே வென்றது. 2025-இல் யாங்கீஸ் மட்டும்தான் முதலாவதைத் தோற்று மீண்டு வந்தது. தோற்ற அணி இரண்டாம் ஆட்டத்தில் புல்பென்னைக் காலிசெய்தே பிழைக்க வேண்டும், அதற்கான வட்டியை மூன்றாம் ஆட்டத்தில் கட்ட வேண்டும்.

சொந்த மைதானம் என்றால் ஜெயம் என்று நினைப்பது இன்னொன்று. அதே 16-இல் மைதானத்துக்காரர்கள் வென்றது ஏழு. தொடரே தங்கள் ஊரில் நடந்தும் பாதிக்குக் குறைவு. காரணம் மறுபடியும் பிட்சர்தான். 6-ஆம் சீடு அணியிடமும் ஒரு நல்ல பிட்சர் இருப்பார். 162 ஆட்டத்தில் அவர் 30 சொச்சம் முறைதான் எறிந்தார். இங்கே மூன்றில் ஒன்று அவருடையது. 2025-இல் 87 வெற்றி மட்டுமே பெற்ற டெட்ராய்ட் டைகர்ஸ் அப்படித்தான் வந்தது. டாரிக் ஸ்கூபல் முதல் ஆட்டத்தில் 14 ஸ்ட்ரைக்-அவுட், 2-1.

இந்தச் சுற்றில் வருகிறவர்கள் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒதுக்குவதும் சரிவராது. 2023-இல் இறுதிச் சுற்றான உலகத் தொடரில் மோதிய டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 5-ஆம் சீடு, அரிசோனா டயமண்ட்பேக்ஸ் 6-ஆம் சீடு. கோப்பை ரேஞ்சர்ஸுக்கு. 2025-இல் கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் 3-ஆம் சீடாக இந்தச் சுற்றில் சின்சினாட்டியை வீழ்த்தித்தான் போனது.

கடைசிப் படி: தொடர் முடிந்ததும் தாளைப் புதுப்பித்தல்

வென்ற அணிக்குச் சனிக்கிழமை டிவிஷன் சீரிஸ். ஐந்து ஆட்டம், மூன்று வென்றால் போதும். 4–5 தொடரில் வென்றவர் 1-ஆம் சீடோடு, 3–6 தொடரில் வென்றவர் 2-ஆம் சீடோடு. வென்றவர்களை மறுபடி வரிசைப்படுத்தும் வழக்கம் கிடையாது. 6-ஆம் சீடு வென்றாலும் அதற்கு எதிராளி 2-ஆம் சீடுதான்.

தாளில் பழைய தேதிகளை அடித்துவிட்டு, செவ்வாய் முதல் வியாழன் வரை எறிந்தவர்களின் பெயரை எழுதி, நான்கு நாள் ஓய்வைக் கூட்டுங்கள். செவ்வாய் எறிந்தவர் ஞாயிறுதான், அதாவது அடுத்த சுற்றின் இரண்டாம் ஆட்டம். ஸ்கூபலுக்கு நடந்தது அதுவே: செப்டம்பர் 30-இல் கிளீவ்லாந்தில் எறிந்தவர் அக்டோபர் 5-இல் சியாட்டிலில் மரினர்ஸுக்கு எதிராக இரண்டாம் ஆட்டத்தைத்தான் தொடங்க முடிந்தது, மறுபடி வந்தது அக்டோபர் 10, ஐந்தாம் ஆட்டம். ஓய்வெடுத்துக் காத்திருந்த சியாட்டிலுக்குத் தன் பிட்சர்களை விரும்பிய வரிசையில் வைக்க நேரம் இருந்தது. அந்த ஓய்வு எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆட்களிடையே சண்டை ஓயவில்லை: 2022 முதல் 2025 வரை ஓய்வெடுத்து வந்த 16 அணிகளில் ஒன்பது டிவிஷன் சீரிஸை வென்றன, ஏழு தோற்றன. சனிக்கிழமைக்குள் இரண்டு அணிகளின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் ஆட்டத்துக்கு வைல்டு கார்டு அணியிடம் மிஞ்சியிருப்பவர் யார் என்று பாருங்கள். தொடர் இரண்டே ஆட்டத்தில் முடிந்திருந்தால் பெரும்பாலும் மூன்றாவது ஸ்டார்ட்டர், மூன்றாவதுக்கும் போயிருந்தால் நான்காவது ஸ்டார்ட்டர்.